புளி நம் நாட்டு மரமா?



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் அடியேன் நிகழ்த்திய பேச்சில் ஒரு பிழை நேர்ந்தது. இலையிற் பரிமாறிய புளியோதரையைச் சிறப்பிக்கப் புகுந்தவன், புளி தமிழகத்திலேயே தோன்றிய மரம் என்றும், அரபியர் அதனை ‘இந்தியப் பேரீச்சை’ என்னும் பொருள்பட வழங்குவதே அதற்குச் சான்று என்றும் உறுதிபடக் கூறினேன். அப்போது, கல்லூரியில் தாவரநூல் பயிலும் நம்மவர் வீட்டுப் பெண்ணொருத்தி எழுந்து, “ஐயா, புளியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்றல்லவா எங்கள் பாடத்தில் உள்ளது?” என்று பணிவுடன் வினவினாள். “பாடநூலினும் பழமையானது நம் நாவின் சுவை, அம்மா” என்று யான் சொல்ல, அவையோர் நகைத்தனர். அக்குழந்தை நாணி அமர்ந்தாள். பின்னர் நூல்களைப் புரட்டியபோது, பிழை என்னுடையதே என்பது புலனாயிற்று. அவையிற் செய்த பிழையை அவையறியத் திருத்துதல் ஆசிரியன் கடனாதலின் இதனை எழுதலானேன்.

1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் புளிக்கு ‘டாமரிண்டஸ் இண்டிகா’ எனப் பெயரிட்டார். அரபியரின் ‘தமர் ஹிந்தி’ என்னும் சொல்லே முதற்பகுதியாயிற்று. ஆகவே அப்பெயரில் இந்தியா இருமுறை இடம்பெற்றுள்ளது. யான் மயங்கியது இவ்விடத்தேதான். பெயர் எங்ஙனமாயினும், புளி இயற்கையாக முளைத்துத் தழைக்கும் தாயகம் ஆப்பிரிக்காவின் வெப்பப் புல்வெளிகளே என்பது தாவர நூலார் துணிபு. அவ்வினத்தில் உலகெங்கும் உள்ளது இந்த ஒரே மரந்தான். மேற்காப்பிரிக்காவில் வோலோப் மொழியினர் புளியைத் ‘தக்கார்’ என்பர். செனகல் நாட்டின் தலைநகராகிய டாக்கார் அம்மரத்தாற் பெயர் பெற்றது என்று சொல்லுவாரும் உளர்.

அங்ஙனமாயின் அரபியர் அதனை இந்தியாவோடு சார்த்தியது ஏன்? வணிகர் ஒரு பண்டத்தை அது பிறந்த இடத்தால் அழைப்பதில்லை. தம் கைக்கு வந்த துறையால் அழைப்பர். அரபியர்க்குப் புளி நம் மேலைக் கடற்கரையிலிருந்து மரக்கலமேறிச் சென்றது. எனவே அது இந்தியப் பேரீச்சையாயிற்று. மலாய் மக்களோ அதனை ‘அசம் ஜாவா’, அஃதாவது ஜாவாப் புளிப்பு, என்பர். அது கொண்டு புளி ஜாவாவிற் பிறந்தது என்போமா? என்னோம். பெயர் வழியைக் காட்டுமேயன்றிப் பிறப்பைக் காட்டாது. 1563இல் கோவாவில் அச்சான தம் மருந்து நூலில், போர்த்துகீச மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா இம்மரத்தை மலையாள நாட்டார் ‘புளி’ என்றும் குசராத்தியர் ‘அம்பிலி’ என்றும் வழங்குதலைக் குறித்துள்ளார். உள்ளே கொட்டை உடைமை பற்றியே அரபியர் பேரீச்சை என்றனர். மரம் அவ்வினத்தது அன்று என்றும் அவர் தெளிவுறுத்தினார்.

இனி, பிறப்பிடம் வேறாயினும் உறவு மிகப் பழையது என்பதற்கு நம் இலக்கணமே கரி. தொல்காப்பிய எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலில், புளி என்னும் மரப்பெயர் ‘அம்’ சாரியை பெறும் என ஒரு விதியும், சுவையைக் குறிக்கும் புளி மெல்லெழுத்து மிகும் எனப் பிறிதொரு விதியும் உள. ‘புளியங்கோடு’ என்றால் மரத்தின் கொம்பு. ‘புளிங்கூழ்’ என்றால் புளித்த கூழ். இவ்வாறு பிரித்துணர்த்த விதி வேண்டியிருந்ததெனில், அக்காலத்தே இம்மரம் தமிழர் நாவிற் பயின்றதாதல் வேண்டும் அன்றோ? இன்றும் நம் வீட்டுச் சிறுவர் ‘புளியங்கொட்டை’ என்கையில் அவ்விதியையே அறியாது போற்றுகின்றனர்.

அடுக்களையில் அதன் ஆட்சியை மங்கையர்க்கு யான் உரைக்க வேண்டுவதில்லை. மிளகாய் 16ஆம் நூற்றாண்டளவிற் போர்த்துகீசியர் வழி வந்தது; தக்காளி அதற்கும் பின்னையது. அவை வருமுன்னரே மிளகும் புளியும் கூடிய சாறு நம் சோற்றுக்குத் துணையாயிற்று. மாசி பங்குனியில் உலுக்கிய பழத்தை ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, உப்பிட்டுப் பானையில் அடைத்தால் ஆண்டு முழுதும் கெடாது. இளங்கொழுந்தைப் பருப்பொடு சேர்த்துக் கடைவதும், பூவைத் துவையலாக்குவதும், புளியும் வெல்லமும் கரைத்துக் கோடையிற் பானகம் பருகுவதும் உண்டு. அதன் புளிப்பிற்குக் காரணம் டார்டாரிக் அமிலம். பித்தளையின் களிம்பை அகற்றுவதும், ஈயம் பூசாத பாத்திரத்திற் குழம்பை வைத்தால் களிம்பேற்றுவதும் அதுவே. நம் பாட்டியர் புளிக்குழம்பிற்கு மண்சட்டியும் கற்சட்டியும் நாடியது காரணமின்றியன்று.

மருந்தாகவும் அது பயன்படும். பழம் மலத்தை இளக்குவது, வெப்பந் தணிப்பது. சுளுக்கிற்கும் வீக்கத்திற்கும் புளியிலையை வதக்கி ஒற்றடமிடுதல் நம் வழக்கு. 19ஆம் நூற்றாண்டிற் பிரிட்டிஷ் மருந்து நூலார் நிலாவிரை லேகியத்திற் புளியையும் சேர்த்தனர். எனினும் நம் சித்த மருத்துவர் பல மருந்துகளுக்குப் ‘புளி நீக்கு’ எனப் பத்தியம் வகுத்தமையை மறத்தலாகாது. நோயுற்றார் மருத்துவரை உசாவியே கொள்க. கொட்டையும் வீண்போவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மாவுப்பொருள் அரிதானபோது, 1943 முதல் அதன் பருப்பு மாவே நம் நெசவாலைகளில் நூலுக்குப் பசையாயிற்று.

இத்துணைப் பயனுடைய மரத்தை முன்னோர் சாலைதோறும் நட்டனர். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலையோரங்களில் மரம் வைத்த புகழ் இன்றும் மக்கள் வாயில் நிலைத்துள்ளது. நிழலை வழிப்போக்கர் கொண்டனர். பழத்தை ஏலமிட்டு ஊர் வருவாய் கொண்டது. அண்மைக் காலத்தே நெடுஞ்சாலைகளை அகலமாக்கியபோது அம்மரங்கள் பல வெட்டுண்டு வீழ்ந்தன. நூறாண்டு நின்ற மரம் ஒரு பகலிற் சாயும். அதற்கு ஈடாக வைத்த கன்று நிழல் தருதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

ஈண்டு யான் உணர்ந்தது ஒன்று. பிறந்த மண் எது என்பதால் உரிமை முற்றுப்பெறுவதில்லை. வந்த மரத்திற்குத் தம் மொழியிற் பெயரிட்டு, இலக்கணத்தில் இடமளித்து, நீர்வார்த்து வளர்த்தமையாலேயே முன்னோர் அதனைத் தமதாக்கினர். யாமோ ‘எமது’ என்று மேடையிற் பேசி, சாலையில் வீழக் கண்டும் வாளாவிருந்தோம். பழமை பேசுதல் எளிது, பேணுதலே அரிது.

ஆதலின் நிலமுடைய அன்பர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு மழைக்காலத்தே ஒரு புளியங்கன்றேனும் நடுவாராக. பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம். 1 என்னும் வகையின் ஒட்டுக்கன்று, கொட்டையிட்டு வளர்த்த மரத்தினும் விரைந்து காய்க்கும். நம் சங்க வளாகத்தில் நடும் முதற்கன்றை, அன்று அவையில் எழுந்து வினவிய அப்பெண்ணின் கையாலேயே நடுவித்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். புளியம்பழமும் ஓடும்போல, உண்மையைத் தற்பெருமையினின்று ஒட்டாது பிரித்தெடுக்க எனக்குக் கற்பித்தவள் அவளே.

இன்னும் கூறற்பாலன பல, விரிவஞ்சி நிறுத்துகின்றேன்.