அழாம எழுதின சோகம்: செகாவின் குதிரைவண்டிக்காரர்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு சிறுகதையைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். 1886 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க் செய்தித்தாள் ஒன்றில் வந்த கதை. எழுதியவர் ஆன்டன் செகாவ். அப்போ அவருக்கு 26 வயசு, டாக்டர். கதையோட பேர் 'தஸ்கா'. துக்கம், ஏக்கம், வெறுமை மூணும் கலந்த ஒரு ரஷ்யச் சொல் அது.

அயோனா ஒரு வாடகை வண்டிக்காரர். பனியில சறுக்கிப் போற குதிரைவண்டி. அந்த வாரம்தான் அவரோட மகன் காய்ச்சல்ல இறந்திருக்கான். அதை யார்கிட்டயாவது சொல்லணும். கதை அவ்வளவுதான். ஆனா படிச்சு முடிக்கும்போது நெஞ்சு கனத்துடுது. எப்படி?

முதல்ல, பனி. கதை தொடங்கும்போதே அவர் மேலயும் குதிரை மேலயும் பனி மூடியிருக்கு. ரெண்டு பேரும் அசையல. அவர் மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு செகாவ் சொல்றதுக்கு முன்னாடியே நமக்குக் குளிர ஆரம்பிச்சிடுது.

அடுத்தது, திரும்பத் திரும்ப நடக்கிற ஒரே விஷயம். ஒரு ராணுவ அதிகாரி வண்டியில ஏறுறார். "எதனால இறந்தான்?"னு ஒரு கேள்வியாவது கேக்குறார். அப்புறம் கண்ணை மூடிக்கிறார். அடுத்து மூணு இளைஞர்கள். எல்லாரும் ஒருநாள் சாகத்தான் போறோம்னு ஒருத்தன் சொல்லிட்டு, சீக்கிரம் ஓட்டச் சொல்றான். ஒரு காவலாளி, வண்டியை எடுன்னு விரட்டுறார். ராத்திரி தங்குற இடத்துல ஒரு இளம் வண்டிக்காரன், இவர் சொல்லும்போதே போர்த்திட்டுத் தூங்கிட்டான். கவனிச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற பதில் குறைஞ்சுக்கிட்டே வந்து, கடைசியில ஒண்ணுமே இல்லாம போகுது. சர்வர்ல ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டா டைம்-அவுட் ஆகுற மாதிரி.

மூணாவது, கதைசொல்லியோட குரல். 'ஐயோ பாவம்'னு அவர் எங்கயும் சொல்றதில்ல. இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்திருக்கும்? மருத்துவம் படிச்சுக்கிட்டே குடும்பச் செலவுக்காக நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுதினவர் செகாவ். அதுல 'ஓஸ்கொல்கி'ங்கிற பத்திரிகையில சுமார் 100 வரிதான் இடம். அந்த அளவுக்குள்ள புலம்ப முடியாது. ஒரு அசைவு, ஒரு பேச்சு, அடுத்த காட்சின்னு போயிடணும். பின்னாடி 1892-ல், லிதியா அவிலவாங்கிற எழுத்தாளருக்கு அவர் கடிதத்துல சொன்ன யோசனையும் இதுதான்: வாசகர் இரங்கணும்னா, நீங்க கொஞ்சம் விலகி நின்னு எழுதுங்க. பின்னணி குளிர்ச்சியா இருந்தாத்தான் துக்கம் தெளிவாத் தெரியும்.

கடைசியில அயோனா லாயத்துக்குப் போறார். வைக்கோல் மென்னுக்கிட்டு நிக்கிற குதிரைகிட்ட எல்லாத்தையும் சொல்றார். அது கேக்குது, அவர் கையில மூச்சு விடுது. கதை அங்கேயே நின்னுடுது.

இந்தக் கதையில கொடூரமான வில்லன்னு யாரும் இல்ல. எல்லாருக்கும் அவசரம், இல்லன்னா தூக்கம். அதனாலதான் இது நம்மை விடமாட்டேங்குது. அந்த வண்டியோட பின்சீட்ல உட்கார்ந்திருக்கிறது நாமளாவும் இருக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.