கயிறும் சொல்லும்: பாய்க்கப்பல் மாதிரிகள் காக்கும் வரலாறு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் பாதையில் காரியாபட்டி இருக்கிறது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். இவ்வூரில் நின்றுகொண்டு பாய்க்கப்பலைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் வினவலாம்.

வினா நியாயமானதே. ஆனால், அந்த வறண்ட குண்டாறு திருச்சுழியையும் கமுதியையும் கடந்து மன்னார் வளைகுடாவை நோக்கியே செல்கிறது. இந்தச் சீமையின் கரிசல் பருத்தியும் வெள்ளையர் காலத்தில் தூத்துக்குடி வழியாகத்தான் வெளிநாடு சென்றது. அக்காலத் தூத்துக்குடித் துறையில் ஆழம் போதாது. பெருங்கப்பல்கள் கரைக்குச் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. பருத்திப் பொதிகளைக் கரையிலிருந்து கப்பலுக்குச் சுமந்து சென்றவை தோணிகளே. எனவே, கடலைக் கண்ணால் காணாத காரியாபட்டி விவசாயியின் உழைப்பும் பாய்மரத்தின் நிழலில்தான் கடல் கடந்தது.

அந்தத் தோணியின் உருவம் இன்று எங்கே இருக்கிறது? எத்தனை வங்குகள், எத்தனை கயிறுகள், எந்தக் கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை யார் அறிவார்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

அளந்து வைத்த அயலார்

நம் ஓடாவிமார் கலம் கட்டும் கலையில் வல்லவர்கள். அவர்களுடைய அறிவு கையிலும் கண்ணிலும் இருந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாக வந்தது. தச்சனின் கை ஓய்ந்தபோது அந்த அறிவும் அவனோடு மண்ணுக்குள் சென்றது.

ஆனால் அதனைக் காகிதத்தில் பதிந்து வைத்த ஒருவர் உண்டு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான பிரான்சுவா எட்மோன் பாரிஸ் (1806-1893) மூன்று முறை உலகைச் சுற்றி வந்தவர். சென்ற துறைகளிலெல்லாம் அந்தந்த நாட்டுக் கலங்களை அளந்து, வரைந்து, குறிப்பெழுதிக் கொண்டார். சோழமண்டலக் கரையின் தோணியும், சலங்கும், கட்டுமரமும் அவருடைய ஏட்டில் ஏறின. மூன்றாம் பயணத்தின்போது புதுச்சேரியில் ஓர் இயந்திரத்தின் பற்சக்கரத்தில் சிக்கி ஒரு கையையே இழந்தார். எஞ்சிய கையால் பணியைத் தொடர்ந்து, ஐரோப்பியரல்லாத மக்களின் கப்பல் கட்டும் கலையைப் பற்றிய தம் பெருநூலை 1841 முதல் வெளியிட்டார்.

அதனோடு அவர் அமைதி கொள்ளவில்லை. 1871 முதல் இறக்கும் வரை பாரிஸ் நகரின் லூவர் மாளிகையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பணியாற்றினார். தாம் அளந்த கலங்கள் பலவற்றைக் குறித்த விகிதத்தில் சிறு மாதிரிகளாகச் செய்வித்து அங்கே வைத்தார். நீராவிக் கப்பல் பாய்க்கப்பலை விழுங்கி வந்த காலம் அது. மறையப் போவது இன்னதென்று அவர் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்.

நம்மிடம் சான்றுகள் இல்லாமல் இல்லை. சாதவாகனர் நாணயங்களில் இரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. வைகை முகத்துவாரத்தை அடுத்த அழகன்குளத்து அகழாய்வில், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது. மரங்களின் தன்மையையும் அளவுகளையும் நிமித்தங்களையும் பேசும் ‘கப்பல் சாத்திரம்’ என்னும் பழந்தமிழ் நூல் 1950இல் சென்னையில் அச்சேறியது. எனினும் நாணயத்திலும் ஓட்டிலும் உருவம் உண்டு, அளவில்லை. ஏட்டில் அளவுண்டு, உருவமில்லை. இரண்டையும் ஒருங்கே தருவது மாதிரி ஒன்றே.

மாதிரி என்பது பொம்மை அன்று

மாதிரி செய்பவன் முதலில் ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்கிறான். நான்கு அடிக்கு ஓர் அங்குலம், அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்பது நெடுநாள் வழக்கிலுள்ள விகிதம். அறுபது அடித் தோணி அதில் பதினைந்து அங்குலமாகும். இரண்டு அங்குலப் பலகை இருபத்துநான்கில் ஓர் அங்குலமாக மெலியும். இரண்டு அங்குலக் கனமுள்ள கயிறும் அவ்வாறே மெல்லிய நூலாக மாறும். நூல் சற்றுத் தடித்தாலும் கப்பல் பொய்யாகிவிடும்.

முதலில் ஏராவைக் கிடத்தி, அதன்மேல் வங்குகளை நிறுத்தி, அணியத்திலிருந்து அமரம் வரை பலகை பொருத்துவார்கள். சலங்காக இருந்தால் முறையே வேறு. அதற்கு வங்கு கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். கரையில் மோதும் அலைக்கு ஆணியடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும் என்பதே காரணம். மாதிரி செய்பவன் அதனை ஊசியும் நூலும் கொண்டு தைத்தே ஆகவேண்டும். பசையால் ஒட்டினால் அது சலங்கு ஆகாது.

கடினமான வேலை அதற்குப் பிறகே வருகிறது. அதுதான் கயிறு கட்டுதல். சில கயிறுகள் பாய்மரத்தை அசையாமல் தாங்குபவை. மற்றவை பாயை ஏற்றவும், இறக்கவும், காற்றுக்கேற்பத் திருப்பவும் இழுபடுபவை. பருமலை ஏற்றும் கயிறு எந்தக் கப்பி வழியே வருகிறது, தாமான் எந்தக் கட்டையில் முடிகிறது, கோசு எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது என்பதை அறியாதவன் ஒரு நூலைக்கூட முடிய முடியாது. படம் வரைபவன் தெரியாத கயிற்றைப் பாயின் பின்னே மறைத்துவிடலாம். மாதிரி செய்பவனுக்கு அந்த வசதி இல்லை.

சொல்லில் மிஞ்சிய கடல்

இங்கேதான் தமிழ் முஸ்லிம்கள் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றிருக்கிறது. கப்பலின் திசை திருப்பும் சுக்கான் அரபுச் சொல். மாலுமி என்பது ஆசானைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு என்பர். சாரங்கு பாரசீகத்தின் ‘சர்ஹங்க்’. பாயின் கீழ்முனையை இழுக்கும் தாமான், ஆடையின் விளிம்பைக் குறிக்கும் ‘தாமன்’ என்ற பாரசீகச் சொல்லோடு உறவுடையது. அரபு மாலுமிகள் ‘ஃபர்மன்’ என்றழைத்த குறுக்குமரத்தை நம்மவர் பருமல் என்றனர். அணியம், அமரம், கூம்பு, பாய் ஆகியனவோ தூய தமிழ்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் கலம் செலுத்திய மரக்காயர்களின் தளத்தில் இச்சொற்களெல்லாம் ஒன்றாக ஒலித்தன. இரு மொழிகளின் உறவைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசுகிறோம். அந்த உறவு மேடையில் பிறக்கவில்லை. ஒரே கயிற்றைப் பல கைகள் சேர்ந்து இழுத்த இடத்தில் பிறந்தது. பாய் மறைந்த பின் அந்தச் சொற்களில் பல அகராதிக்குள் அடங்கிவிட்டன. சரியாகக் கயிறு கட்டிய மாதிரியில் மட்டுமே ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் வருவதைப் பலரும் கண்டிருப்பார்கள். கடலோடிகளின் துயர் துடைத்தவராக ஷாகுல் ஹமீது ஆண்டகை அவர்களைப் போற்றும் மக்கள், கப்பலைத் தம் நினைவிலிருந்து இறக்கி வைக்கவில்லை என்பதற்கு அந்த ரதங்கள் சான்று. எனினும் அவை அன்பின் அடையாளங்கள். அளவின் சான்றுகள் அல்ல. அன்போடு அளவும் சேரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

செய்யத்தக்கது

இயந்திரம் வந்தபின் தோணியில் பாய் துணைக்கருவியாகிப் பிறகு அருகிவிட்டது. எனினும் பாய் விரித்த கைகளும், அக்கைகளைக் கண்ட கண்களும் நம் கடற்கரை ஊர்களில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அளவுநாடாவோடும் குறிப்பேட்டோடும் சென்று ஒரு முதியவரின் அருகில் அமர்ந்தால், ஒரு கயிற்றின் பெயராவது கிடைக்கும்.

காரியாபட்டியிலிருந்து அதே நெடுஞ்சாலை இன்றும் தூத்துக்குடிக்குச் செல்கிறது. அருப்புக்கோட்டைத் தறிகளில் பருத்தி நூல் இருக்கிறது. அதற்கு ஏற்றத் தேன்மெழுகும், பலகைக்கு மஞ்சக்கடம்பும் கிடைக்காத பொருள்கள் அல்ல. ஒரு பள்ளிக்கூடம், ஒரு நூலகம், ஓர் இளைஞர் குழு முயன்றால் ஒரு தோணி பதினைந்து அங்குலத்தில் மீண்டும் பிறக்கும். நம் முன்னோரின் கலத்தை அளந்து காக்க, கடல் கடந்து வந்த ஒருவர் ஒரு கையோடும் உழைத்தார். இரண்டு கைகள் உள்ள நாம் வாளாவிருப்பது தகுமா?