ஊருக்குப் பெயர் கொடுத்த வடலி

திருநெல்வேலியில் சங்கரன்கோவில் பஸ் ஏறினால், வழியில் ஒரு ஊர் வரும். பனவடலிசத்திரம். இன்றைக்குத் தென்காசி மாவட்டம். பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பனை, வடலி, சத்திரம்.

சத்திரம் தெரியும். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கி, இளைப்பாறிப் போன இடம். வடலி? இன்னும் பாளை விடாத இளம் பனை. ராஜா பெயரில் ஊர் உண்டு, சாமி பெயரில் ஊர் உண்டு. இங்கே வளர்ந்து முடிக்காத ஒரு மரம், ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டது!

வடலி நிற்கிறது என்றால், சில வருஷம் முன்னால் அங்கே ஒரு கொட்டை மண்ணுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். தானாக விழுந்து முளைத்ததும் உண்டு. ஆனால் குளத்தங்கரையிலும் தோட்டத்து எல்லையிலும் போலீஸ் அணிவகுப்பு மாதிரி வரிசையாக நிற்கிறதே, அது தானாக வந்ததா என்ன? யாரோ குனிந்து ஊன்றியது.

எப்போது ஊன்றினார்கள்? கோடை முடிகிற ஆடி, ஆவணியில். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நடக்கும் சமயம் இந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மழையை மேற்கு மலை வாங்கிக்கொள்ளும். இங்கே வருவது வெறும் காற்று. மண் நனைய ஐப்பசி வரவேண்டும். தோட்டத்தில் பெரிய வேலை இல்லாத அந்த நாட்களில்தான் பனம்பழம் சொத் சொத்தென்று விழும். பழத்தைச் சுட்டுத் தின்றுவிட்டு, கொட்டையைப் பத்திரப்படுத்துவார்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. மணலை மேடாகக் குவித்து, பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் தூவி, தண்ணீர் தெளித்தால் சரி. மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

மண்ணுக்குள் நடப்பதுதான் வேடிக்கை. மற்ற விதை முளைத்தால் மேலே எட்டிப் பார்க்கும். பனை முதலில் கீழே போகும்! கொட்டையிலிருந்து ஒரு தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும். கருவே ஓட்டை விட்டு அதன் நுனியில் இறங்கிப் போய்விடும். அங்கே சத்தெல்லாம் சேர்ந்து திரள்வதுதான் பனங்கிழங்கு. வேர் பிடித்த பிறகுதான் இலை வெளியே வரும். வறண்ட மண்ணில் பனை பிழைக்கும் ரகசியம் இது. வளர்ந்த வடலியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் பிழைப்பது கஷ்டம் என்பதற்கும் இதுவே காரணம். மரம் வேண்டுமா? அது நிற்கவேண்டிய இடத்திலேயே, பத்தடிக்கு ஒன்றாகக் கொட்டையை ஊன்றிவிட வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். தை பிறந்தால் பாத்தியைத் தோண்டலாம். பொங்கலுக்கு அவித்த கிழங்கு! தோண்டாமல் விட்டால்? பாளை தள்ள 12 முதல் 20 வருஷம். அது ஆண்பனையா பெண்பனையா என்பதே அப்போதுதான் தெரியும். கிழங்கு நமக்கு, மரம் பேரனுக்கு. இரண்டையும் ஒரே கொட்டையில் அடைய முடியாது. நம் முன்னோர்கள் பாத்தியில் போட்டதைத் தின்றார்கள். வரப்பில் ஊன்றியதைத் தொடாமல் விட்டார்கள். கணக்கு அவ்வளவுதான்.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த கூலி கொஞ்சநஞ்சமில்லை. 1850-ல் இலங்கையில் வில்லியம் ஃபெர்குசன் என்ற வெள்ளைக்காரர் பனைக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். 'தால விலாசம்' என்ற தமிழ்ச் செய்யுள் பனையின் பயன்களாக 801-ஐ அடுக்குவதை உலகத்துக்குச் சொன்னவர் அவர். பதநீர், கருப்பட்டி, பாய், பெட்டி, உத்தரம், ஏடு... ஓலை இல்லாவிட்டால் நம் பழைய நூல்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

1978-ல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமானது. அதே வருஷம் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை பிறந்தது. மரியாதை கூடியது, மரம் கூடவில்லை. ஐம்பது, அறுபது வருஷம் நின்ற பனைகள் லாரி லாரியாகச் செங்கல் சூளைக்குப் போயின. வெட்ட அரை மணி நேரம் போதுமே!

2021 ஆகஸ்ட் 14. தமிழகத்தின் முதல் வேளாண் பட்ஜெட். 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதை, 1 லட்சம் கன்று என்று அறிவித்தார்கள். கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். தேதியைக் கவனித்தீர்களா? ஆடி மாதக் கடைசி. தெரிந்து செய்தார்களோ, தற்செயலோ, சரியான பருவம்!

அந்த வருஷம் ஊன்றியதில் பிழைத்தவை இப்போது வடலி. முட்டியளவு, இடுப்பளவு ஓலையோடு, முள்செடி மாதிரி நிற்கும். மனைபிரிக்க வரும் பொக்லைனுக்கு அது மரமாகவே தெரியாது. சட்டத்தைப் பார்த்துக் கை நடுங்கவும் செய்யாது. வளர்ந்த பனையைக் காப்பாற்ற நாலு பேர் வருவார்கள். வடலிக்கு யார் வருவார்கள்? ஒரு காலத்தில் அதைத் தாண்டிப்போகாமல், அதன் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். அந்தக் கண் நமக்கும் வேண்டும்.