இரண்டு பல் இல்லாத சக்கரம்

போன மாதம் செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும்போது, வாலாஜாபாத் அருகே ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று நின்றது. பக்கத்தில் மனைவி, பின்னால் லாரி. எப்படியோ ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

"சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. கிராங்க் சென்சாராத்தான் இருக்கும் சார்" என்றார் எங்கள் மெக்கானிக். ஸ்கேனரை மாட்டினார், பி 0335 என்று காட்டியது.

அப்பா டாக்ஸி ஓட்டிய அம்பாசிடரில் சென்சார் ஏது? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த 'பாயிண்ட்'தான் பொறி விழும் நேரத்தைத் தீர்மானித்தது. 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் காருக்காக உருவாக்கிய ஏற்பாட்டின் வழிவந்தது அது. இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவு. வண்டி நின்றால் அப்பா எமரி தாளால் பாயிண்ட்டைத் தேய்த்து, இடைவெளி பார்த்து, கிளம்பிவிடுவார்.

1979இல் போஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பொறியையும் பெட்ரோலையும் ஒரே கணினியிடம் ஒப்படைத்தது. நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வந்தபோது அதில் கார்புரேட்டர் இல்லை, எம்.பி.எஃப்.ஐ. 2000 ஏப்ரலில் யூரோ 1க்கு இணையான மாசு விதிகள் நாடு முழுவதும் வந்தன. பாயிண்ட்டின் காலம் முடிந்தது.

கணினிக்குக் கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கொரு பல் சக்கரம். பல கார்களில் அறுபது பல்லுக்கு இடமிருக்கும், இருப்பது 58தான். அந்த இரண்டு பல் இல்லாத இடம்தான் அடையாளம். பிள்ளையார்பாளையத்தில் ஜக்கார்டு அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓட்டை இருக்கும் இடமும் இல்லாத இடமும் சேர்ந்துதானே புட்டா விழுகிறது!

மெக்கானிக் முதலில் ஒயரையும் கனெக்டரையும் சோதித்தார். பிறகு பேட்டரி இணைப்பை எடுத்து, ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றிச் சென்சாரை உருவினார். காந்த முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது.

"துடைச்சா போதாதா?"

"உள்ள சுருள் போயிடுச்சு சார். தேய்க்க இதென்ன பாயிண்ட்டா?"

புதியதை மாட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கையைத் துடைத்தபடி சொன்னார்: "பையனா சேர்ந்தப்போ காதால கேட்டே டைமிங் வெப்போம். நாப்பது வயசுல ஸ்கேனர் கத்துக்கிட்டேன். கூட தொழில் கத்துக்கிட்ட ரெண்டு பேர் கடையை மூடிட்டாங்க."

அப்பாவின் கைவேலையும் அந்த இருவரின் காதும் இனி எந்தக் காருக்கும் தேவைப்படாது. உங்கள் கார் சூட்டில் நின்று, ஆறியதும் ஓடினால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அன்று லாரிக்காரர் விழித்திருந்தார். எங்கள் நல்ல நேரம்.