பெயரை அழிக்க மறுக்கும் அக்சஸ்: சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு சிறு வரலாறு



அக்சஸ் போர்மில் ஒரு பிள்ளையின் ரெக்கோர்டை டிலீட் பண்ணப் போனால் சில வேளை முடியாது என்று செய்தி வரும். கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்த மறுப்புக்குப் பின்னால் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

முதலில் நமது சேர்வு இடாப்பைப் பாருங்கள். பிள்ளை விலகினால் பெயரை நாம் சுரண்டி எடுப்பதில்லை. சிவப்பு மையில் ஒரு கோடு, விலகிய திகதி, காரணம், கையொப்பம். அவ்வளவுதான். அந்தச் சேர்வு இலக்கம் வேறு பிள்ளைக்குப் போகாது. இருபது வருடம் கழித்து விடுகைப் பத்திரம் கேட்டு வந்தாலும் கோட்டுக்குக் கீழே பெயர் இருக்கும்.

1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் கொட், தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்துச் சாவிகளால் இணைக்கும் முறையை எழுதினார். பெயர் ஓர் அட்டவணையில், புள்ளிகள் இன்னொன்றில். இணைப்பது சேர்வு இலக்கம். நாம் சாதாரண தர வகுப்பில் படிப்பிக்கும் முதன்மைச் சாவி, அந்நியச் சாவி எல்லாம் இதுதான்.

1980களின் தொடக்கத்தில் டிபேஸ் வந்தது. அதை எழுதியவர் வெய்ன் ரட்லிஃப். அதில் 'டிலீட்' கொடுத்தால் ரெக்கோர்ட் போகாது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். 'ரீகோல்' என்றால் திரும்பி வரும், 'பெக்' என்றால்தான் உண்மையில் போகும். நமது சிவப்புக் கோடு மாதிரி! ஒரு குறை: பிள்ளையின் பெயரை நீக்கினால் புள்ளிகள் யாருடையவை என்று தெரியாமல் அநாதையாகக் கிடக்கும்.

1992 நவம்பரில் மைக்ரோசொப்ட் அக்சஸ் வெளிவந்தது. அட்டவணைகளுக்கிடையே உறவைப் போட்டு அதைக் கட்டாயமாக்கிவிட்டால், புள்ளிகள் உள்ள பிள்ளையை அழிக்க அது விடாது. அந்தச் செய்தி கோளாறல்ல, காவல்.

அப்படியானால் மறுக்கும்போது எதைப் பார்ப்பது?

1. தொடர்புடைய ரெக்கோர்ட்கள் இருப்பதாகச் செய்தி வந்தால், புள்ளி, வரவு அட்டவணைகளைத் திறந்து பாருங்கள். தொடர்ந்து அழிக்கும் 'கஸ்கேட்' தெரிவைப் போட்டால் செய்தி நின்றுவிடும். ஆனால் பிள்ளையோடு அத்தனை வருடப் புள்ளிகளும் சேர்ந்து போகும்.

2. போர்மின் பண்புகளில் 'அலவ் டிலீஷன்ஸ்' என்பது 'நோ' என்றிருக்கலாம். அல்லது அந்தப் போர்ம் கூட்டுத்தொகை காட்டும் வினவலில் நிற்கலாம். அத்தகைய வினவலில் எதையும் அழிக்க முடியாது.

3. அதே ரெக்கோர்டை இன்னொரு மேசையில் ஒருவர் திருத்திக்கொண்டிருக்கலாம். அவர் முடித்த பிறகு முயலுங்கள்.

4. இரண்டு அட்டவணைகளை இணைத்த வினவலில் போர்ம் நின்றால், பெயர் அப்படியே இருக்க, புள்ளி மட்டும் அழியலாம். இது மிக ஆபத்தானது, ஏனென்றால் பிழைச் செய்தியே வராது.

5. ரெக்கோர்ட் கெட்டுப்போய்க் கிடந்தால், முதலில் பைலைப் பிரதி எடுங்கள். பிறகே 'கொம்பக்ட் அண்ட் ரிபெயார்'.

பிரதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமது நாடே பார்த்தது. 2021இல் அரச கிளவுடில் இருந்த மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் தரவுகள் அழிந்தது பெரிய செய்தியானது. 2023இல் ரேன்சம்வேர் தாக்குதலில் அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் போயின. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை.

எனவே நமது யோசனை இது: பிள்ளை விலகினால் டிலீட் வேண்டாம். அட்டவணையில் 'விலகிய திகதி' என்று ஒரு புலம் சேர்ப்போம். அது வெறுமையாக உள்ளவர்களை மட்டும் போர்மில் காட்டச் சொல்வோம். சிவப்புக் கோடு கம்ப்யூட்டருக்கும் வந்துவிடும்.

கிராண்ட்பாஸில் வாடகை வீடு மாறுபவர்கள் அதிகம். களனி ஆறு பெருகும்போது வீட்டிலுள்ள பத்திரங்கள் நனைந்து போகின்றன. அப்படிப்பட்டவர், 'நான் இங்கேதான் படித்தேன்' என்று நிரூபிக்கக் கடைசியில் வந்து நிற்பது பாடசாலை அலுவலகத்தில். அன்று அவருடைய பெயர் அங்கே இருக்க வேண்டும். அது நம்மிடம் விடப்பட்ட அமானிதம்.