அசந்து தூங்குறான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் நண்பர் எனக்கு உண்டு. நைட் ஷிப்ட் வாரங்களில் பையன் தூங்குவதை அவர் பார்த்ததே இல்லை. ஒரு லீவு நாள், நள்ளிரவில் விழித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வயசுப் பையன் பெரிய ஆள் மாதிரி குறட்டை விடுகிறான். அதுகூடப் பரவாயில்லை. திடீரென்று குறட்டை நிற்கிறது. நெஞ்சு உள்ளே இழுக்கிறது, ஆனால் மூச்சு போகவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணுகிறார்... ஒரு கேவலோடு மூச்சு திரும்புகிறது.

"அசந்து தூங்குற புள்ளைய எழுப்பாதடா" என்றார் அவருடைய அம்மா.

பையன் படுக்கையை நனைக்கிறான், வகுப்பில் தூங்கி வழிகிறான் என்பதெல்லாம் அதுவரை தனித்தனிப் புகார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டையின் இரண்டு பக்கமும் டான்சில், நெல்லிக்காய் அளவுக்கு. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வேறு. விழித்திருக்கும்போது தசைகள் வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கினால் அவை தளர்ந்துபோய், வழி அடைத்துக்கொள்ளும். எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

நண்பர் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது. "அந்தக் காலத்துல எல்லாருக்கும் டான்சில வெட்டினாங்க. அப்புறம் வெட்டாதன்னாங்க. இப்ப மறுபடியும் வெட்டணும்னா, எதை சார் நம்புறது?"

வாருங்கள், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

டான்சிலை எடுப்பது ஈராயிரம் வருஷப் பழக்கம். முதல் நூற்றாண்டு ரோமில் செல்சஸ் என்பவர், விரலாலேயே நெம்பி எடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். மயக்க மருந்தாவது, ஒன்றாவது! 1868ல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் மேயர் அடினாய்டைப் பற்றி விரிவாக எழுதி, அதைச் சுரண்டி எடுக்க வளையக் கத்தி ஒன்றையும் செய்தார். 1889ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹில், மக்கு என்று பெயர் வாங்கிய பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்தார். வாயால் மூச்சு, ராத்திரி குறட்டை, காலையில் வறண்ட வாய். மூக்கு அடைப்பை நீக்கினால் சில பிள்ளைகளின் மந்தம் தெளிகிறது என்று எழுதினார். ஏறக்குறைய விஷயத்தைத் தொட்டுவிட்டார் மனிதர். உலகம் காதில் வாங்கவில்லை.

உலகம் வேறொரு கதையை நம்பியது. டான்சில்தான் கிருமிகளின் கிடங்கு, மூட்டுவலியிலிருந்து இதயநோய் வரை எல்லாமே அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்று. அவ்வளவுதான், கத்தியை எடுத்துவிட்டார்கள்!

1934ல் நியூயார்க்கில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஆயிரம் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் போயிருந்தது. மிச்சம் 389 பேரை மருத்துவர்கள் சோதித்து, 174 பேருக்கு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். தப்பித்த 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். 99 பேருக்கு வேண்டும் என்றார்கள். அதிலும் தப்பித்த 116 பேரை இன்னொரு குழு பார்த்து, 51 பேருக்கு எழுதிக் கொடுத்தது. கடைசியில் மிஞ்சியது 65 பேர்.

பி.காம். படித்த எனக்கு இதைப் பார்த்ததும் தேய்மானக் கணக்குதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறையும் இருப்பில் 45 சதவீதம் கழிகிறது. நோயாவது, தொண்டையாவது!

அமெரிக்காவில் 1959ல் மட்டும் சுமார் 14 லட்சம் ஆபரேஷன்கள். அப்புறம் பென்சிலின் பரவியது, கிருமிக் கிடங்குக் கதை பொய்த்தது, எண்ணிக்கை சரிந்தது. 1979ல் ஐந்து லட்சம்.

வேடிக்கை என்னவென்றால், கத்தி இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் சரியான காரணம் மேலே வந்தது. 1965ல், பெரிய டான்சிலும் அடினாய்டும் மூச்சை அடைத்து, இதயமே பழுதான குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எடுத்ததும் இதயம் தேறியது. 1976ல் ஸ்டான்ஃபோர்டில் கியெமினோ குழுவினர், தூக்கத்தில் மூச்சு நிற்கும் எட்டுக் குழந்தைகளைப் பதிவு செய்தார்கள். பகலில் தூக்கம், படிப்பில் சரிவு, படுக்கையை நனைப்பது. நம்ம கும்மிடிப்பூண்டிப் பையனேதான்!

அப்படியானால் எல்லாக் குறட்டைக்கும் கத்தியா? அவசரப்படாதீர்கள். 2013ல் அமெரிக்காவில் 464 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை சரியானது. சும்மா கண்காணித்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குச் சரியானது. கவனத்தை அளக்கும் பரிட்சையில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நடத்தையும் அன்றாட வாழ்க்கையும் ஆபரேஷன் செய்த பக்கம் நன்றாகவே தேறின. ஆக, லேசான தொல்லை என்றால் காத்திருக்கலாம். மூச்சு அடிக்கடி நின்றால் தள்ளிப்போடக் கூடாது. குண்டான குழந்தை என்றால் ஆபரேஷனுக்குப் பிறகும் தொல்லை மிஞ்சலாம்.

இதை எல்லாம் சொன்னதும் நண்பர் தெளிந்தார். அடுத்த கவலை லீவு. மாவட்டத் தலைநகர் திருவள்ளூரில் 2022லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் ரயிலில் போவதென்றால், கும்மிடிப்பூண்டிக்காரர் சென்னை பேசின்பிரிட்ஜ் வரை வந்து வேறு லைன் மாறவேண்டும். "அதுக்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம் சார்" என்றார். போனார். முடிந்தது. பத்து நாள் தொண்டை வலி, நிறைய ஐஸ்க்ரீம்.

இப்போது அவர் நைட் ஷிப்ட் போகும் வாரங்களில் பாட்டிதான் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்புகிறாராம். எனக்கும் ஒன்றைக் காட்டினார். ஒன்றரை நிமிஷம் ஓடுகிறது. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.