முன்வாசல் யாருக்கு?

கோல்ஃப் ஆடுகிறவர் என்றாலே பெரிய பணக்காரர் என்று முடிவுகட்டிவிடுவது நம்மூர் வழக்கம். என் சித்தப்பா ஊட்டி மைதானத்தில் பை சுமந்தவர். சாயங்காலம் மைதானம் காலியானதும் பழைய மட்டையை எடுத்துக்கொண்டு பையன்களோடு ஆடுவார், அருமையாக ஆடுவார். ஆனாலும் அவரை ஆட்டக்காரர் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவரைப் போன்றவர்கள்தான் இந்த ஆட்டத்தை வளர்த்தெடுத்தார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் 'புரொஃபஷனல்' என்றால் பை சுமப்பவர், மட்டை செய்பவர், பந்து தைப்பவர். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆலன் ராபர்ட்சனிடம் பந்துத் தொழில் பழகியவர் டாம் மாரிஸ். தோலைத் தைத்து, சிறு துளை மட்டும் விட்டு, அவித்த வாத்திறகை அதன் வழியே இரும்புக் கம்பியால் திணிக்க வேண்டும். கையால் முடியாதபோது கம்பியின் பிடியை நெஞ்சில் வைத்து உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்துவார்கள். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். பந்து கல்லாக இறுகிவிடும். ஒரு ஆள் நாள் முழுக்க உழைத்தாலும் மூன்று நான்கு பந்து தேறினால் பெரிது. இறகுத் தூசி நுரையீரலைக் கெடுத்தது. 1848 வாக்கில் மலாய்க் காட்டு மரப்பாலில் உருட்டிய கட்டா பெர்ச்சா பந்து மலிவாக வந்ததும் மாரிஸ் அதை ஏற்றுக்கொண்டார். ராபர்ட்சனுக்குக் கோபம், இருவரும் பிரிந்தார்கள்.

1860இல் பிரெஸ்ட்விக்கில் நடந்த முதல் ஓப்பன் போட்டியில் ஆடிய எட்டுப் பேரும் இந்த வர்க்கம்தான். நல்ல நடத்தையுள்ளவர்களாகப் பார்த்து அனுப்புங்கள் என்று கிளப்புகளுக்குக் கடிதம் போயிருந்தது. மறுவருடமே கனவான்களும் சேர்ந்துகொண்டார்கள். பணத்துக்கு ஆடாத அவர்கள் 'அமெச்சூர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆட்டப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' வரும். புரொஃபஷனலுக்கு வெறும் பெயர். பல கிளப்புகளில் அவருக்குக் கிளப் மாளிகைக்குள் நுழையவும் அனுமதி இல்லை.

அமெரிக்காவிலும் இதே பாகுபாடுதான். மைதானத்துக்கு எதிர்வீட்டில் வளர்ந்து, பை சுமந்த பிரான்சிஸ் விமெட், 1913இல் 20 வயதில் வார்டன், ரே என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களை வீழ்த்தி யு.எஸ். ஓப்பனை வென்றார். அப்போது அவர் அமெச்சூர். விளையாட்டுச் சாமான் கடை வைத்தார் என்று சொல்லி 1916இல் அந்தத் தகுதியைப் பறித்தார்கள். அப்பன் சொத்தில் ஆடியவனுக்கு எந்தக் கேள்வியும் இல்லை; கடை வைத்துப் பிழைத்தவனுக்குத் தண்டனை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இந்தப் பாகுபாட்டை அமெரிக்கப் புரொஃபஷனல் வால்டர் ஹேகன் எதிர்த்து நின்றார். 1920இல் இங்கிலாந்தின் டீல் மைதானத்தில் மாளிகைக்குள் விடவில்லை என்றதும், வாடகைக்கு எடுத்த ஆடம்பரக் காரை மாளிகை வாசலிலேயே நிறுத்தி, அதையே உடைமாற்றும் அறையாக்கிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் டொலீடோவில் இன்வர்னஸ் கிளப், யு.எஸ். ஓப்பனுக்கு வந்த புரொஃபஷனல்களுக்குத் தன் மாளிகையைத் திறந்துவிட்டது. நன்றியாக அவர்கள் பணம் போட்டு ஒரு பெரிய நிலைக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். அது இன்னும் அங்கே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் நிறமும் குறுக்கே நின்றது. டர்பனில் பை சுமந்து வளர்ந்த இந்திய வம்சாவளிக்காரர் பாப்வா செவ்கோலம். எல்லோரும் மட்டை பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிப் பிடித்து ஆடுவார். அப்படியே 1959இல் டச்சு ஓப்பனை வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டல் ஓப்பனை வென்றபோது மழை. வெள்ளையர்கள் மாளிகைக்குள் இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் போய், அந்நாட்டு விளையாட்டைப் புறக்கணிக்கச் சொன்னவர்களின் குரலுக்கு வலுவூட்டியது. 1965இல் அவர் வெள்ளையர்களின் நட்சத்திர ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்து அதே போட்டியை மறுபடி வென்றார். அதன் பிறகு வெள்ளையர் போட்டிகளில் ஆடவே அவருக்குத் தடை.

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. 1991இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த இந்தியன் ஓப்பனை அலி ஷேர் வென்றார். அந்த மைதானத்தில் பை சுமந்தவர்தான் அவர். அதை வென்ற முதல் இந்தியப் புரொஃபஷனலும் அவரே.